அடுப்பில் பால் பொங்குகிறது. மனம் எங்கே போனது?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"அடுப்பில் பாலை வைத்துவிட்டு எங்கே போனாய்?" நம் வீடுகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. பால் பொங்கி வழிவது எல்லார் வீட்டிலும் என்றோ ஒரு நாள் நடப்பதுதான். ஆனால், சில வீடுகளில் இது வாரத்தில் மூன்று நான்கு நாள் நடக்கிறது. கேள்வி கேட்கப்படுபவரும் எப்போதும் ஒரே ஆளாகவே இருக்கிறார். பதில் சொல்ல முடியாமல் அவர் தலை குனிந்து நிற்கிறார். ஏனென்றால், தாம் எங்கே போனோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். காலை மணி 6.15. அம்மா பாலை அடுப்பில் வைக்கிறார். பிள்ளையின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போடவில்லையே என்ற நினைவு வருகிறது. அறைக்குப் போகிறார். இஸ்திரி மேசையில் மின்கட்டண பில் கிடக்கிறது. உடனே கட்டிவிடலாம் என்று கைப்பேசியை எடுக்கிறார். அதில் பட்டர்வொர்த்தில் நடக்கப்போகும் உறவினர் திருமணச் செய்தி. என்ன சேலை கட்டுவது? ரவிக்கை தைக்கக் கொடுத்தோமே, வாங்கினோமா? தையற்கடைக்கு நாம் பாக்கி வைத்திருக்கிறோமா? இதற்குள் சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வருகிறது.

இந்தப் பத்து நிமிடத்தில் அந்த அம்மா ஒரு விநாடிகூட சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து வேலைகளைத் தொடங்கினார். ஒன்றும் முடியவில்லை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது அக்கறையின்மை. அவருக்கோ, பொழுது விடியும் முன்பே ஒரு நாள் முழுதும் ஓடிய களைப்பு.

இப்படி அன்றாட வேலைகளுக்கு நடுவே எண்ணங்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுவது, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டுடன் வாழ்பவர்கள் பலர் சொல்லும் அனுபவம். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

எல்லார் மனமும் அலைவதுதானே?

"மனம் ஒரு குரங்கு என்று நம் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதற்குப் போய் ஒரு நோய்ப் பெயரா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பெரியவர்களின் கைப்பேசிக்கு நேரம் குறிக்காமல் கேள்வி அனுப்பி, "இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். வந்த பதில்களில் 46.9 விழுக்காட்டில், கை ஒரு வேலையில் இருக்க மனம் வேறெங்கோ இருந்தது. ஆகவே, மனம் அலைவது மனித இயல்பு. அதில் சந்தேகமே இல்லை.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? நம்மில் பெரும்பாலோருக்கு, மனம் போன சற்று நேரத்தில் உள்ளே ஒரு மணி அடிக்கிறது. "பால்!" என்று நினைவு வந்து ஓடி வருகிறோம். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு அந்த மணி தாமதமாக அடிக்கிறது. சில நேரம் அடிப்பதே இல்லை. மனம் போவதும் அடிக்கடி. போகும் தூரமும் அதிகம். ஒரே நேரத்தில் பல திசை. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்களின் மன அலைச்சலை அளக்க ஒரு கேள்விப் பட்டியலையே உருவாக்கினார்கள். அலைச்சல் எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்கு அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்படுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

ஒழுக்கக் குறை என்று தொடங்கிய கதை

1902ஆம் ஆண்டு லண்டனில், ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் அரச மருத்துவர் கழகத்தில் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறையில்லாத சில குழந்தைகள் ஏன் தங்களைக் கட்டுப்படுத்திக் கொள்ள முடியாமல் இருக்கிறார்கள் என்பதே அவருடைய கேள்வி. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை' என்ற பொருள் தரும் பெயர்.

மருத்துவம் அந்தப் பெயரோடு நின்றுவிடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் இதைப் பிள்ளைகளின் மிகைத் துடிப்பாகப் பார்த்தது. 1980இல் கவனக் குறைவுதான் மையம் என்றது. 1987இல் இன்று நாம் சொல்லும் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் வந்தது. 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பு பெரியவர்களுக்குத் தனி அளவுகோல் வகுத்தது. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, கவனக்குறைவைச் சேர்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ துடிப்பைச் சேர்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அன்றாட வாழ்க்கை அவற்றால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அந்தப் பதிப்பில் ஒரு சிறு குறிப்பு உண்டு. எளிதில் கவனம் சிதறுதல் என்ற அறிகுறியை விளக்கும்போது, பெரியவர்களைப் பொறுத்தவரை கவனத்தைச் சிதறடிப்பது வெளிச் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலைக்குத் தொடர்பில்லாத சொந்த எண்ணங்களாகவும் இருக்கலாம் என்கிறது. ஓடித் திரியும் பிள்ளை வளர்ந்த பிறகு நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருப்பான். ஓட்டம் உள்ளே போயிருக்கும்.

மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் வீடுகளில் பலவும் இன்னும் 1902இலேயே நிற்கின்றன. சோம்பேறி, பொறுப்பில்லாதவள், திமிர் பிடித்தவன் என்பவை எல்லாம் ஒழுக்கத்தைக் குறை சொல்லும் சொற்கள்தானே?

மூளையில் என்ன நடக்கிறது?

2001இல் அமெரிக்காவின் மார்க்கஸ் ரேய்க்கல் என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும், நாம் சும்மா இருக்கும்போதும் மூளையின் சில பகுதிகள் மும்முரமாக வேலை செய்வதை விளக்கினார்கள். பழைய நினைவு, நாளைய திட்டம், பகற்கனவு எல்லாம் இந்த வலையமைப்பின் வேலை. நாம் ஒரு காரியத்தில் இறங்கியதும் இது அடங்கி, கவனத்துக்கான பகுதிகள் முன்னுக்கு வர வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இது சரியாக அடங்குவதில்லை என்பது 2007இல் முன்வைக்கப்பட்ட கருத்து. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் பலவும் இந்தக் கோணத்தில் தொடர்கின்றன. வானொலியில் ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்கள் கேட்பதைப்போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, கைக்கணக்கு நினைவு. கடைக்குப் போகும் வழியில் "வெங்காயம், தயிர், சவர்க்காரம்" என்று மனத்தில் பிடித்து வைத்திருக்கிறோமே, அதுதான். அது ஒரு சிறிய தட்டு. யாருக்குமே அதில் சில பொருள்தான் நிற்கும். ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு அந்தத் தட்டு இன்னும் சிறியது. புதிதாக ஒரு நினைவு வந்து விழுந்தால் பழையது கீழே விழுந்துவிடும். இஸ்திரியின் நினைவு வந்தது, பால் விழுந்தது. பில் வந்தது, இஸ்திரி விழுந்தது.

அன்றாட வேலைகள்தாம் இவர்களுக்கு அதிகச் சிரமம் தருகின்றன. துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, பாரம் நிரப்புவது போன்றவற்றில் புதுமையும் இல்லை, உடனடிப் பலனும் இல்லை. இவற்றில் நம்மை நிறுத்தி வைப்பதில் டோபமின் என்ற இரசாயனத்துக்குப் பங்கு உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் மூளையில் அதன் செயல்பாடு வேறுபடுகிறது. அதனால் சலிப்பான வேலையில் மனம் வேறு தீனி தேடிப் போகிறது.

"பிடித்த கணினி விளையாட்டில் மட்டும் நான்கு மணி நேரம் உட்காருகிறானே!" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கும் விடை இதுதான். கவனம் இல்லாமல் போகவில்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் கைப்பிடிதான் வழுக்குகிறது. விளையாட்டு ஒவ்வொரு விநாடியும் பரிசு கொடுக்கிறது. துணி மடிப்பது கொடுப்பதில்லை.

நாற்பத்தொரு வயதில் தெரிய வந்தவர்

'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் நாம் பார்த்து வியந்த நடிகர் ஃபகத் பாசில், 2024ஆம் ஆண்டு மே மாதம் கேரளாவின் கோதமங்கலத்தில் சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கான 'பீஸ் வேலி' சிறுவர் கிராமத் திறப்பு விழாவில் பேசினார். தமக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது 41 வயதில் கண்டறியப்பட்டதாக அந்த மேடையில் அவர் சொன்னார். முகத்தில் நொடிக்கொரு பாவம் காட்டும் ஒரு நடிகருக்கே இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறது என்றால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு சகோதரிக்கோ பிறையில் லாரி ஓட்டும் ஓர் அண்ணனுக்கோ தெரியாமல் இருப்பதில் வியப்பென்ன?

2021இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, ஆதாரமுள்ள 208 முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அதன்படி சிறுவர் மற்றும் இளையரில் 5.9 விழுக்காட்டினருக்கும், பெரியவர்களில் 2.5 விழுக்காட்டினருக்கும் இக்குறைபாடு இருக்கிறது. நூறு பெரியவர்கள் கூடும் ஒரு திருமண மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் என்ற கணக்கு. இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வுகள், இது பெருமளவு பரம்பரை வழியாக வருவது என்று காட்டுகின்றன. பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற பெற்றோர், கேட்கப்படும் கேள்விகளில் தங்களையே பார்த்துத் திகைப்பது உலகெங்கும் நடப்பது.

பெண்களின் நிலை இன்னும் சிக்கல். வகுப்பில் மேசைமேல் ஏறும் பையனை ஆசிரியர் கவனித்துவிடுவார். சன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து மனத்துக்குள் ஊர் சுற்றும் பெண் பிள்ளையை யார் கவனிப்பார்? "நல்ல பிள்ளை, கொஞ்சம் கவனம் போதாது" என்று மதிப்பெண் அட்டையில் எழுதிவிடுவார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, திருமணமாகி, வீடு, வேலை, பிள்ளைகள் என்று தட்டில் சுமை கூடும்போதுதான் எல்லாம் சரிகிறது. அதற்குள் "நான் எதற்கும் இலாயக்கில்லை" என்ற எண்ணம் ஆழமாக வேர்விட்டிருக்கும். பாலும் பாத்திரமும் போகட்டும். இந்த எண்ணம்தான் பெரிய இழப்பு.

சாலையிலும் இழப்பு உண்டு. சுவீடனில் 17,408 பேரின் பதிவுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குக் கடுமையான சாலை விபத்துக்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் ஆண்களிடம் அந்த வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. பினாங்குப் பாலத்தில் தினமும் மோட்டார் சைக்கிளில் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஓடும் எண்ணம் எல்லாம் ஏ.டி.எச்.டி. ஆகாது

நேயர்களே, இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். எண்ணங்கள் ஓடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மனப்பதற்றத்தில் எண்ணம் ஒரே கவலையைச் செக்கு மாட்டைப்போல் சுற்றிச் சுற்றி வரும். இருமுனைக் கோளாறின் எழுச்சிக் காலத்தில் எண்ணம் மின்னல் வேகத்தில் ஓடும். கூடவே தூக்கமே தேவைப்படாது, பேச்சு பெருகும், பணம் தண்ணீராகச் செலவாகும். இது சில நாட்களோ வாரங்களோ இருந்து பின் மாறும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். தூக்கமின்மையும் கவனத்தைக் குலைக்கும். ஏ.டி.எச்.டி. சென்ற மாதம் திடீரென்று வந்த ஒன்றாக இருக்காது. சிறு வயதிலிருந்தே கூட வருவது. சிலருக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தும் இருக்கும்.

ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கலாம். ஆகவே, கைப்பேசியில் பார்த்த ஒரு நிமிடக் காணொளியை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிற்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். ஜார்ஜ்டவுனில் ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் சில வெள்ளிதான். போகும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவோ அக்காவோ உடன் வந்தால் இன்னும் நல்லது. சிறு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று மருத்துவர் கேட்பார்.

நம் சுகாதார அமைச்சு 2008இல் ஏ.டி.எச்.டி. சிகிச்சைக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டது. 2020இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் தலைப்பு சிறுவர்களையும் பதின்ம வயதினரையும்தான் குறிப்பிடுகிறது. பெரியவர்கள் தாங்களாகவே வாய் திறந்து கேட்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மருந்துகளில் மெத்தில்ஃபெனிடேட் பரவலாகக் கொடுக்கப்படுவது. 1944இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், நாடித் துடிப்பு கூடலாம். சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் மருத்துவர் சீட்டு வேண்டும். ஒருவருடையதை மற்றவர் வாங்கி விழுங்கக் கூடாது. மருந்து ஒவ்வாதவர்களுக்கு வேறு வகைகளும், நடத்தை சார்ந்த ஆலோசனைச் சிகிச்சையும் உண்டு.

படப்பிடிப்புத் தளம் சொல்லும் பாடம்

மருந்து கவனத்தைப் பிடித்துத் தரும். பாலை யார் பார்ப்பது என்பதை வீடுதான் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நேரலை நிகழ்ச்சியில் நாங்கள் தடுமாறாமல் பேசுவதைப் பார்த்து, "உங்களுக்கு எவ்வளவு ஞாபகசக்தி!" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் அந்தத் தளத்தில் யாரும் ஞாபகத்தை நம்புவதில்லை. எந்தப் பகுதி எத்தனை விநாடி என்பது 'ரன்டவுன்' தாளில் இருக்கும். சொல்ல வேண்டியது எதிரே திரையில் ஓடும். காதுக்குள் தயாரிப்பாளரின் குரல் கேட்கும். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவர் விரலை மடக்கி ஐந்து, நான்கு, மூன்று என்று காட்டுவார். எல்லார் கண்ணுக்கும் படும்படி ஒரு பெரிய கடிகாரம் இருக்கும். இவ்வளவு துணையோடு பேசும் எங்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. அறிவிப்பாளர் திறமைசாலி என்கிறார்கள்!

தலைக்குள் நிற்காததைத் தலைக்கு வெளியே வைப்பதுதான் அங்கே நடக்கிறது. அதையே வீட்டில் செய்யலாம்.

அடுப்பில் எதையாவது வைத்தால், கையில் ஒரு மணிக்கூட்டை எடுத்துக் கொள்ளுங்கள். கைப்பேசி மணியைவிடத் தனியாக ஒரு சமையல் மணி நல்லது. கைப்பேசியை எடுத்தால் அதிலேயே தொலைந்து போவோம். அடுப்பை விட்டு நகர்வதற்கு முன் அதை அணைப்பது என்பதை வழக்கமாக்கிக் கொண்டால் இன்னும் பாதுகாப்பு.

வேலையின் நடுவே வேறு எண்ணம் வந்தால் அதனோடு சண்டை போடாதீர்கள், பின்னாலேயும் போகாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு வெள்ளைப் பலகையை ஒட்டி, இரண்டு சொல்லில் எழுதி வையுங்கள். எழுதிவிட்டோம் என்றதும் மனம் அதை விட்டுவிடும்.

சாவி, பணப்பை, மூக்குக் கண்ணாடி மூன்றுக்கும் வாசலருகே ஒரே இடம். ஜப்பான் இரயில் ஊழியர்கள் சமிக்ஞையை விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்வார்கள். தவறைக் குறைக்க அவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் முறை அது. "கேஸ் அடைத்தாயிற்று, கதவு பூட்டியாயிற்று" என்று நாமும் கைகாட்டிச் சொல்லலாம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

சலிப்பான வேலைக்கு ஒரு துணை வேண்டும். பாரம் நிரப்பும்போது பக்கத்தில் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே பலருக்கு வேலை ஓடுகிறது. அறிவுரை தேவையில்லை. ஆள் இருந்தால் போதும்.

இந்த முறைகளில் சில, இரண்டு வாரத்தில் பழசாகிப் பயன்படாமல் போகலாம். அது தோல்வியல்ல. பலகையின் இடத்தை மாற்றுங்கள், மணியின் ஓசையை மாற்றுங்கள். புதுமை இவர்களுக்கு உதவும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவன்மார்களே, மாமியார்களே, பெற்றோரே, ஒன்றை மட்டும் கேட்டுக் கொள்கிறேன். ஏசுவதால் யாருடைய நினைவுத் தட்டும் பெரிதாவதில்லை. பயம் அந்தத் தட்டில் இன்னொரு பொருளாகத்தான் வந்து உட்காரும். "எத்தனை தடவை சொல்வது?" என்பதற்குப் பதில், "எங்கே எழுதி வைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லாமல், ஒன்றைச் சொல்லி முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். கோயிலுக்கு நேர்ந்து கொள்வதை யாரும் தடுக்கவில்லை. நேர்த்திக்கடனோடு மருத்துவரையும் பாருங்கள்.

இக்குறைபாடு இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காகப் பொறுப்பு நீங்கிவிடாது. பால் பாத்திரத்தை நாம்தான் தேய்க்க வேண்டும். ஆனால், தேய்க்கும்போது நம்மை நாமே வைய வேண்டியதில்லை. மனச்சுமை தாங்க முடியாத அளவுக்குப் போனால், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசுங்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பலகைக்கு இடம் பாருங்கள். யாருக்காக என்று சொல்லிக் காட்ட வேண்டாம். எல்லாரும் அதில் எழுதட்டும்.